மஞ்சள் குறி போட்ட பெயர்

கெனித்ரா
8 மே 2023, திங்கள்

அன்புள்ள தம்பி ஸுஹைருக்கு,

ஸலாம். இறைவன் அருளால் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் உடம்பு, வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் நல்லபடியாக இருக்கட்டும். தாக்லாவில் இந்த வாரம் காற்று அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் மீன் கிடங்கில் உன்னோடு வேலை செய்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் நலமாக இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம். ஜவாத் நலம். மாமி நலம். பள்ளியில் எல்லாம் வழக்கம்போல.

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். ஏன் என்று கேட்காதே. வாட்ஸ்அப்பில் பதில் போடாதே, இந்த வீட்டில் என் போனை எல்லோரும் எடுப்பார்கள். மின்னஞ்சலைத்தான் யாரும் திறப்பதில்லை.

ஓர் உதவி வேண்டும். எனக்காக இல்லை. பள்ளியில் என்னோடு வேலை செய்யும் சுமையா என்று ஒருத்தி போனில் போக்கர் ஆடுகிறாள். சில்லறைக்குத்தான். ஐந்து சென்ட் மேசை என்கிறாள். சில்லறையானாலும் தினமும் தோற்கிறாள். எதிரில் ஆடுகிறவர்களுக்குத் தன் சீட்டு தெரிகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். நல்ல சீட்டு வைத்துப் பந்தயம் கட்டினால் எல்லோரும் ஒதுங்கிவிடுகிறார்களாம். ஒன்றுமில்லாமல் மிரட்டினால் சரியாக ஒருவர் வந்து பிடித்துவிடுகிறாராம். இது ஏமாற்று வேலையா, அவள் ஏதாவது தவறு செய்கிறாளா? உனக்குப் பழக்கம் என்பதால் கேட்கிறேன்.

இந்த ஆட்டத்தைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். அது மாறவில்லை.

உன் அக்கா
புஷ்ரா


தாக்லா
10 மே 2023

அக்கா,

உன் வாழ்த்தைப் படித்து முடிப்பதற்குள் என் தேநீர் ஆறிவிட்டது. கிடங்கில் இருக்கும் நாற்பது பேருக்கும் சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டாருக்கு அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

ஏன் பத்து மாதம் என்று கேட்காதே என்கிறாய். கேட்கவில்லை. ஆனால் சொல்லிக்காட்டாமல் இருக்க நான் பெரிய மகானா? போன ஜூலையில் நம் தங்கை ஹனானின் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று, நாற்பது பேர் சாப்பாட்டில் கை வைத்திருந்தபோது நீ எழுந்து நின்று சொன்னாய். "இவன் கையால புள்ளைக்கு எதையும் போட விடாதீங்க. சூதாடுன கை." நான் கொண்டுபோயிருந்த வெள்ளி வளையலை ஹனான் மேசைமேலேயே வைத்துவிட்டாள். ஜவாத் மச்சான் ஒருவர்தான் என் பின்னால் வாசல்வரை வந்தார். "விடு மாப்ள, டீச்சரம்மாவுக்குப் பெரம்ப பள்ளிக்கூடத்துலயே வெச்சிட்டு வரத் தெரியாது"ன்னு தோளைத் தட்டினார். நான் சிரித்தேன். பஸ் ஏறியதும் அழுதேன். இதை எழுதிவிட்டேன், இனி விட்டுவிடுகிறேன்.

உன் தோழிக்கு வருவோம். ஏமாற்று ஒன்றும் இல்லை. அவள் சீட்டு யாருக்கும் தெரியாது, அவளைத்தான் தெரிகிறது.

ஐந்து சென்ட் மேசையில் எவனுக்கும் பெரிய திறமை கிடையாது, என்னையும் சேர்த்து. ஆனால் ஒவ்வொருவனும் தன் பழக்கத்தோடு வந்து உட்காருகிறான். ஒருவன் நல்ல சீட்டு வந்ததும் யோசிப்பதுபோல நேரம் கடத்துவான். பதினைந்து நொடி, எப்போது பார்த்தாலும் பதினைந்து. இன்னொருவன் பொய்யாகக் கட்டும்போது மட்டும் ஐம்பது, நூறு என்று முழு எண்ணாகக் கட்டுவான். அகாதிரில் ஒருத்தன் தோற்றால் என் அம்மாவைத் திட்டுவான், அடுத்த ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவான். அதற்காகவே திட்டு வாங்கலாம்.

ஆடுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத இடம் உண்டு. நாம் எழுதுவது நமக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வருடமாக எழுதுகிறேன். இருநூற்றுப் பதினான்கு பேர். சிவப்புக் குறி போட்டால் அவனிடம் வம்பு வேண்டாம். பச்சை என்றால் பாதகமில்லை. மஞ்சள் என்றால், அந்த ஆள் மேசையில் இருக்கும்வரை நீ எழுந்து போகாதே.

பூராவையும் இத்தோடு அனுப்பியிருக்கிறேன். இந்த ஆட்டத்தில் இதை யாரும் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள், கேட்டால் அடிப்பார்கள். சுமையா யாரென்றே எனக்குத் தெரியாது. நீ கேட்டாய், கொடுக்கிறேன்.

ஸுஹைர்


கெனித்ரா
14 மே 2023

தம்பி,

கோப்பு வந்தது. சுமையாவிடம் கொடுத்தேன். பெயர் வைத்த அன்று நடந்ததைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது முடியவில்லை.

மஞ்சள் குறி ஏழு பேருக்கு இருக்கிறது. ஷீபா என்ற பெயருக்குக் கீழே நீ எழுதியிருப்பதுதான் எல்லாவற்றிலும் நீளம். சுமையா கேட்கிறாள், முகம் தெரியாத ஒருத்தியைப் பற்றி இவ்வளவும் எப்படித் தெரிந்துகொண்டாய் என்று. ஒன்று விடாமல் எழுது. எனக்கும் தெரியவேண்டும்.

புஷ்ரா


தாக்லா
15 மே 2023

அக்கா,

இந்த முறை வாழ்த்தே இல்லையே, உடம்புக்கு என்ன? என் கிடங்கு ஆட்கள் ஏமாந்துபோனார்கள்.

நீ என் ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பாய் என்று கனவில்கூட நினைத்ததில்லை. அதனால் நீட்டி முழக்கத்தான் போகிறேன்.

ஷீபா நவம்பரில் வந்தாள். குளிர்காலத் தேநீரில் நாம் போடுகிற கசப்புத் தழையின் பெயரை வேறு எந்த நாட்டுக்காரி வைத்துக்கொள்வாள்? ஆனால் பெயரை மட்டும் நம்பக்கூடாது. நோன்பு மாதத்துக்காக நம் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்தது பார், மறுநாள் ஆட்டத்தின் உலகக் கடிகாரப்படி அவளும் ஒரு மணி தள்ளி வந்தாள். உலகத்தில் வேறு யாரும் அன்று நகரவில்லை. அப்போது உறுதியானது.

எனக்குக் கிடங்கில் மதிய முறை, காலை முழுக்க மேசைதான். அவள் காலை எட்டேகாலுக்கு உட்காருவாள், பதினொன்றே முக்காலுக்கு எழுவாள். வெள்ளிக்கிழமை பதினொன்றுக்கே கிளம்பிவிடுவாள், வீட்டில் வெள்ளிக்கிழமைக் குஸ்குஸ் சாப்பாடு காத்திருக்கும். சனி ஞாயிறு வரமாட்டாள். ஜனவரியில் பள்ளி விடுமுறை விட்ட வாரம் முழுக்க ஆளைக் காணோம். டீச்சர் என்று நினைத்தேன். வகுப்பில் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு மேசைக்கடியில் ஆடுகிறாள், நாட்டின் கல்வி விளங்கிவிடும் என்று சிரித்தேன். ஆனால் மூன்றரை மணி நேரம் ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாமல் ஆடுகிறவளுக்கு முன்னால் எந்த வகுப்பும் இருக்க முடியாது. வகுப்பு மணி அடித்தால்கூட யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் எழுந்து போகவேண்டாமா?

நோன்பு வந்தது. அவள் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு மணியைக் குறித்துப் பார்த்தேன். ரபாத் ஸ்டேஷனுக்கு முன்னால் ரயில் சுரங்கத்துக்குள் போகுமே, அந்த நேரம். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, தினமும். நோன்பில் காபிக்கடையெல்லாம் பகலில் மூடியிருக்கும், உட்கார இடம் ஏது? கஸாபிளாங்கா வரைக்கும் போய் இறங்காமல் திரும்பி வந்திருக்கிறாள். அப்போதுதான் பிடிபட்டது. இவளுக்கு வேலை போய்விட்டது. வீட்டுக்குச் சொல்லவில்லை. தினமும் உடுத்திக்கொண்டு கிளம்புகிறாள்.

இனி ஆட்டம். கையில் சீட்டு இருந்தால் யோசிக்காமல் கட்டுவாள், நேர்மையான பெண். பொய்யாகக் கட்டப்போகிறாள் என்றால் முதலில் அரட்டைப் பெட்டியில் மேசைக்கு ஸலாம் போடுவாள். "எல்லாருக்கும் நல்ல நாளாகட்டும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி, அதற்குப் பிறகு பந்தயம். தவறியதே இல்லை. ஸலாம் வந்தால் நான் விடமாட்டேன். தோற்றுவிட்டால் அடுத்த பத்து நிமிடம் எதையும் விட்டுக்கொடுக்கமாட்டாள். அப்போது அவளை மிரட்டக்கூடாது. நல்ல சீட்டு வரும்வரை பேசாமல் காத்திருக்கவேண்டும்.

பாவம்தான். அப்படிப் பாவம் பார்த்தால் நான் மேசையைவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். நான் எடுக்காவிட்டால் அகாதிர்க்காரன் எடுப்பான்.

ஒரு வாரமாக அவளைக் காணவில்லை. உன் தோழி அவளை எங்காவது பார்த்தால் எனக்குச் சொல்லச் சொல்.

ஸுஹைர்


கெனித்ரா
22 மே 2023

ஸுஹைர்,

சுமையா என்று யாரும் இல்லை. ஷீபா நான்தான்.

இந்த ஒரு வரியை எழுத எட்டு நாள் ஆனது. மீதியையும் இப்போதே எழுதிவிடுகிறேன், நிறுத்தினால் திரும்பத் தொடங்கமாட்டேன்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி பள்ளியில் என்னைக் கூப்பிட்டு, கீழ்வகுப்புகளுக்கு வயது குறைந்த ஆட்கள் வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள் என்றார்கள். பதினேழு வருடத்துக்குப் பணம் வைத்து ஒரு உறை கொடுத்தார்கள். அன்று மாலை வீட்டில் ஜவாதின் தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம், "எங்க மருமக டீச்சரு"ன்னு சொன்னார். அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஜவாத் என் பையைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார், எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்படியே ஏழு மாதம் ஆகிவிட்டது.

பேக்கரி மாடியில் உட்காருவேன். பெண்கள் தனியாக உட்கார்ந்தால் கேள்வி கேட்காத இடம் அதுதான். முதல் வாரம் புத்தகம் படித்தேன், எழுத்து கண்ணில் நிற்கவில்லை. ஆட்டம் எப்படித் தொடங்கியது என்று சொல்லக் கூசுகிறது. இவன் இதில் என்னதான் கண்டான் என்று, உன்னை இன்னும் நன்றாகத் திட்டுவதற்காக ஒரு நாள் திறந்தேன். அதன்பிறகு மாதா மாதம் சம்பளம் என்று எதையாவது வீட்டில் வைக்கவேண்டியிருந்தது. கைவளையல்களை விற்றுவிட்டுக் கவரிங் போட்டிருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை. மேசையில் கொஞ்சம் தேற்றிவிடலாம் என்று நம்பினேன். நாற்பது பேர் நடுவில் உன்னை நிற்கவைத்த நான், நோன்பு வைத்துக்கொண்டு ரயிலில் சூதாடினேன்.

உன் கோப்பு வந்ததும் முதலில் என் பெயரைத்தான் தேடினேன். யார் கையில் கிடைத்தாலும் அதைத்தான் செய்வார்கள். கடைசி நாலு வரியை நீ கடிதத்தில் முழுதாக எழுதவில்லை, மறந்திருப்பாய். நான் எடுத்து எழுதுகிறேன். "வேலை போயிருக்கும். வீட்டுக்குத் தெரியாது. போக இடமில்லை, அதனால் தோற்றாலும் எழுந்து போகமாட்டாள். எட்டுக்கு அலாரம் வைக்கவும்."

தம்பி, என் கடிதத்தில் எல்லோரும் நலம் என்று எழுதினேன். நீ நம்பினாய். சிரித்தாய். முகம் தெரியாத பெண்ணிடம் மட்டும் எதையும் நம்பாமல், தோண்டித் தோண்டி அத்தனையும் கண்டுபிடித்திருக்கிறாய். கண்டுபிடித்து, அலாரம் வைத்திருக்கிறாய்.

ஜூன் இருபத்துநாலு பள்ளி ஆண்டு விழா. இந்த வருடம் மாமியையும் கூட்டிக்கொண்டு வரப்போவதாக ஜவாத் சொல்கிறார். புதுச் சட்டை வாங்கிவிட்டார். அதற்குள் சொல்லவேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

இதற்குப் பதில் எழுதாதே.

புஷ்ரா


தாக்லா
3 ஜூன் 2023

அக்கா,

எழுதாதே என்றாய். பன்னிரண்டு நாள் உன் சொல்லைக் கேட்டேன், அதற்குமேல் முடியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று கிடங்குக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன், பொய்யும் இல்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டு என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? கொடுப்பதற்கு முன்னால், வாங்குகிற ஆள் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்திருக்கவேண்டுமே என்று. ஆட்டக்காரனின் புத்தி. உனக்குச் செய்ததற்கு வருந்துவதற்கு முன்னால், மாட்டிக்கொண்டதற்கு வருந்தினேன். இதை மறைக்கலாம், மறைக்க விரும்பவில்லை.

பிறகு உன் மே எட்டாம் தேதிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறு வரி ஸலாம். என் காதுக்கு, என் கிடங்குக்கு, கிடங்கு ஆட்களின் வீட்டாருக்கு. மேசையில் ஒரு வரி ஸலாம் வந்தாலே பொய் என்று எழுந்து உட்காருகிறவன், ஆறு வரியைப் படித்துவிட்டு நையாண்டி செய்தேன். சின்ன வயதில் அப்பாவிடம் மார்க் அட்டையைக் காட்டுவதற்கு முன்னாலும் நீ இப்படித்தான் கால் வலிக்கிறதா, முதுகு வலிக்கிறதா என்று விசாரிப்பாய். எனக்கு எல்லாம் தெரியும். உன்னிடம் அதைப் பயன்படுத்தவேண்டும் என்று தோன்றவே இல்லை, லாபம் இல்லாத இடத்தில் நான் ஆளைப் பார்ப்பதே இல்லை போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ அல்ல, வேறு யாரோ ஒரு ஷீபாவாக இருந்திருந்தால் இன்றைக்கும் அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருத்தி நோன்போடு ரயிலில் போய்ப் போய் வருகிறாள் என்று கண்டுபிடித்த அன்று, கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு இரண்டு முட்டை அதிகமாகப் போட்டு நோன்பு திறந்தேன். அவள் யாரோ ஒருவனுக்கு அக்காதானே. வெட்கமாக இருக்கிறது அக்கா. முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

கணக்கை மூடிவிட்டேன். இருநூற்றுப் பதினான்கு பேரையும் அழித்தாகிவிட்டது. இதைப் பெரிய காரியமாகச் சொல்லவில்லை.

பஸ் ஏறி வருகிறேன், ஒன்றரை நாள்தானே. மச்சானிடம் நானே பேசுகிறேன். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, என் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வரவா?

ஸுஹைர்


கெனித்ரா
18 ஜூன் 2023

தம்பிக்கு,

வராதே என்று சொல்லக்கூட மனமில்லாமல் இருந்தேன். இப்போது நடந்து முடிந்துவிட்டது.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை, குஸ்குஸ் சாப்பிட்டு முடித்த கையோடு சொன்னேன். ஸலாம் எதுவும் போடாமல் சொன்னேன், நீ எழுதியதை நினைத்துக்கொண்டு. "எனக்கு அக்டோபர்லேருந்து வேலை இல்ல. தெனமும் பேக்கரி மாடியிலதான் உக்காந்திருந்தேன்."

ஜவாத் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. "அப்ப நோன்புல?" என்றார்.

"ரயில்ல."

"எந்த ரயில்ல?"

"கஸாபிளாங்கா ரயில்ல. போயிட்டு, திரும்ப வந்துடுவேன்."

"தெனமுமா? தண்ணிகூடக் குடிக்காம?"

மாமிக்கு அவருடைய கவலை. "அப்ப நான் கட்டிக் குடுத்த மெஸமென் ரொட்டியெல்லாம் யாருடி தின்னா?" என்றார். நான்தான் மாமி, என்றேன். "பள்ளிக்கூடத்துல பாதிய மிச்சம் வெச்சிட்டு வருவியே, அங்க மட்டும் முழுசாத் தின்னியா?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினார். அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

ஜவாத் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. சட்டை வாங்கிய பையை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். தொழுகைக்குப் போனார், நேரம் கழித்துத்தான் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "வேற யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை, ஸுஹைருக்கு என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கு எனக்குத் தாங்கவில்லை. ஊர் சிரித்திருக்கிறது, தான் ஒருவன்தான் முட்டாளாக இருந்தோம் என்று நினைக்கிறார். அதனால் அவசரமாக ஒரு பொய் சொன்னேன். "அவனாத்தான் கண்டுபுடிச்சான். என் கடிதத்தப் படிச்சிட்டு, அக்கா உனக்கு என்னமோ ஆயிருக்கு, மச்சான்கிட்ட மறைக்காதன்னு பிடிவாதம் பண்ணுனான். அவன் சொல்லித்தான் இப்ப சொல்றேன்."

ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு பொழுது போக்கினேன் என்று மட்டும் சொன்னேன். அதைத் திறந்தால் உன்னையும் திறக்கவேண்டி வரும்.

அப்போதுதான் அவர் செருப்பைக் கழற்றினார். மாமி உனக்காக நின்ற இடத்திலேயே கையேந்தி இறைவனை வேண்டினார். நேற்று ஹனானும் வந்திருந்தாள். அவளிடமும் மாமி முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது நம் குடும்பத்தில் நீதான் நல்ல பிள்ளை. பெருநாளுக்கு உன்னைக் கட்டாயம் வரச்சொல்கிறார்கள். குர்பானி ஆட்டை நீதான் பிடிக்கவேண்டுமாம்.

புஷ்ரா


தாக்லா
21 ஜூன் 2023

அக்கா,

மச்சான் நேற்று போன் செய்தார். உன்னிடம் சொன்னாரோ இல்லையோ.

"மாப்ள, நன்றியெல்லாம் சொல்ல எனக்கு வராது. ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றார். "சொல்லுங்க மச்சான்" என்றேன். "நீ நாட்டோட அந்தக் கோடியில இருக்க. அவ மொகத்தக்கூடப் பாக்கல. நான் தெனமும் பக்கத்துல படுத்திருந்தவன். வாசல்ல பையக் குடுத்து அனுப்புனவன். எனக்குத் தெரியாதது உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

நான் என்ன சொல்வேன்? எட்டேகாலுக்கு உட்காருவாள், சுரங்கத்தில் இணைப்பு அறும் என்றா? "கடிதத்துல என்னமோ தெரிஞ்சுது மச்சான்" என்றேன். பிறகு, "எனக்கும் அப்படிப் பாக்கச் சொல்லிக் குடுடா" என்றார். கிண்டல் இல்லை அக்கா, உண்மையாகவே கேட்டார்.

அதன்பின் மாமி போனை வாங்கினார். "ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டவன் உன்ன மாதிரி ஒரு தம்பியக் குடுக்கணும்யா" என்றார். ஆமீன் என்று சொல்லவேண்டிய இடம். சொல்லித் தொலைத்தேன்.

ஹனான் குழந்தையின் கையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். நான் கொடுத்த வளையல் போட்டிருக்கிறது. இதைப் பார்த்ததும் கிடங்கின் பின்பக்கம் போய் நின்றேன்.

நாற்பது பேர் முன்னால் நீ என்னைச் சொன்னபோது, அநியாயம் என்று உள்ளுக்குள் ஒரு திமிர் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நடந்துபோனேன். இந்தப் புகழுக்கு நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், உண்மையைச் சொல்லிவிடட்டுமா? மச்சானிடம் மட்டும். அடித்தாலும் பரவாயில்லை. நீ சரி என்றால் பெருநாளுக்கு வருகிறேன். இல்லை என்றால், கப்பல் நிறைய மீன் வந்துவிட்டது, விடுப்பு இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

ஸுஹைர்


கெனித்ரா
24 ஜூன் 2023, சனி

தம்பி,

வேண்டாம். சொல்லாதே.

சொன்னால் உன் பாரம் இறங்கும், தெரிகிறது. ஜவாத் என்ன ஆவார் என்று யோசித்தாயா? தான் பார்க்கத் தவறியதை அன்பால் ஒருவன் பார்த்தான் என்று நம்பித்தான் மனிதர் இப்போது எழுந்து நடமாடுகிறார். நேற்று என் கையைப் பிடித்துக் கவரிங் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்பலேருந்து?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என் கையைப் பார்த்ததே இல்லை. உன்னை மாதிரி பார்க்கப் பழகுகிறாராம். உன் கண் எதற்காகப் பழகியது என்று அவருக்குத் தெரியவேண்டாம். நீ வெட்கப்படு. நானும் படுகிறேன். அவருக்கு அதில் பங்கு கொடுக்காதே.

இன்றுதான் ஆண்டு விழா. மூவரும் விழாவுக்குப் போகவில்லை. ஜவாத் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மீன் வாங்கப் போனார்.

பெயர் வைத்த அன்று நான் பேசியதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்றேனே. தவறு. அன்று நான் சொன்னது சரியாகவே இருந்தாலும், அந்த இடத்தில் சொன்னது தவறு. இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

கடைசியாக ஒன்று. உன்னிடமும் ஒன்றை மறைத்துவிட்டேன். உன் கோப்பில் என் பெயருக்குக் கீழே இருந்ததை முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் மூன்றாம் தடவைதான் வந்தது. ஏழு மாதம் நான் எங்கே இருக்கிறேன், எப்போது வருவேன், எப்போது எழுந்து போவேன் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். தினமும் எட்டு மணிக்கு எனக்காக எழுந்து ஒருவர் காத்திருக்கிறார் என்று படித்ததும், சொல்லவே நாக்கூசுகிறது, சந்தோஷப்பட்டேன். பேக்கரி மாடியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். எதற்காகக் காத்திருந்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அந்தச் சிரிப்புக்காகத்தான் உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பெருநாளுக்கு வா. வந்ததும் என் முகத்தைப் பார்க்காதே, ஜவாதோடு ஆட்டைப் பிடிக்கப் போய்விடு.

புஷ்ரா